அண்ணனுக்குப் படித்துக் காட்டிய கைப்பேசி

மலேசியாவின் சுங்கை சிப்புட்டில் செம்பனைத் தோட்டத்தில் வேலை பார்க்கும் என் அண்ணனுக்கு டிஸ்லெக்ஸியா. மூளையெல்லாம் கூர்மைதான், எழுத்துகள்தான் அவருக்கு இடம் மாறித் தெரியும். கார் லைசென்ஸுக்கான கணினித் தேர்விலோ 50 கேள்விகளில் 42 சரியாக இருக்க வேண்டும்.

பாடப் புத்தகத்தை கூகுள் லென்ஸில் படமெடுத்து வாசிக்க வைத்தேன். மலாய் வரிகளை ஆங்கில உச்சரிப்பில் வாசித்தது, ஒன்றும் புரியவில்லை. அப்புறம் கைப்பேசி அமைப்புகளில் மலாய்க் குரலைப் பதிவிறக்கி, வேகத்தையும் நன்றாகக் குறைத்தேன். வேகம்தான் முக்கியம், பலர் அதைக் கவனிப்பதில்லை. வாசிக்கும் சொல் திரையில் ஒளிர, அண்ணன் விரல் வைத்துத் தொடர்ந்தார்.

கடினமான பகுதிகளைத் தமிழில் விளக்கி வாட்ஸ்அப்பில் குரல் பதிவாக அனுப்புகிறேன். வேலை முடிந்து வந்து கேட்கிறார். சந்தேகம் வந்தால் அவரும் குரல் பதிவிலேயே கேட்கிறார்.