பழைய ராணுவ ரைஃபிளுக்கு ஸ்கோப்: முதலில் டிரில்லைக் கீழே வையுங்கள்

மோசின் நாகாந்த், மவுசர் 98, லீ என்ஃபீல்ட் மாதிரி பழைய ராணுவ ரைஃபிள் ஒன்று கைக்கு வந்ததும் அடுத்த வாரமே ஸ்கோப் (குறிபார்க்கும் தொலைநோக்கி) மாட்டிப் பார்க்கும் ஆசை வந்துவிடும். எனக்கும் வந்தது. ஆனால் அந்தக் காலத்தில் பெரும்பாலும் வெறுங்கண்ணால் சைட் பார்த்துச் சுடவும், ஐந்து தோட்டா கிளிப்பை மேலிருந்து அழுத்தி நிரப்பவும்தான் இவற்றைச் செய்தார்கள். ரிசீவருக்கு (பேரலின் பின்முனை திருகப்படும் உலோகக் கூடு) மேலே கண்ணாடிக் குழாய் ஒன்று வந்து உட்காரும் என்று யாரும் இடம் விடவில்லை. அதனால் ஸ்கோப்பை மேலே வைத்தால் கிளிப் போகும் வழி அடைபடும், போல்ட்டின் (தோட்டாவை உள்ளே தள்ளிப் பூட்டும் தண்டு) கைப்பிடி மேலே எழும்போது ஸ்கோப்பில் இடிக்கும், மவுசரில் சேஃப்டி இறக்கையும் (தவறிச் சுடாமல் தடுக்கும் பூட்டு) திரும்பாது. நீங்கள் செய்யப்போகும் வேலையெல்லாம் இந்தச் சிக்கல்களைச் சுற்றித்தான்.

மவுண்ட் (ஸ்கோப்பை ரைஃபிளில் பிடிக்கும் தாங்கி) வாங்கும் முன்னால் வெறும் சைட்டிலேயே 50 மீட்டரில் ஐந்து ஐந்தாக இரண்டு மூன்று தொகுதி சுட்டுப் பாருங்கள். தட்டு அளவுக்குச் சிதறினால் ஸ்கோப் போட்டாலும் அதே தட்டுதான், இன்னும் தெளிவாகத் தெரியும், அவ்வளவே. பேரல் நுனி விளிம்பு தேய்ந்திருக்கிறதா, மரக்கட்டையை ரிசீவரோடு பிடிக்கும் ஸ்க்ரூக்கள் தளர்ந்திருக்கிறதா என்று பார்க்க வேண்டும். பல நேரம் கோளாறு அங்கேதான் இருக்கும். அப்புறம் போல்ட், ரிசீவர், மேகசின் தட்டு இவற்றின் எண்களை ஒப்பிடுங்கள். எல்லாம் ஒரே எண்ணாக இருந்தால் தயவுசெய்து துளை போடாதீர்கள். துளை போட்ட ரைஃபிளைச் சேகரிப்பவர்கள் திரும்பிப் பார்க்க மாட்டார்கள், போட்ட துளையை மூடினாலும் அடையாளம் போகாது. உங்கள் உரிமச் சட்டம் இந்த மாதிரி மாற்றங்களைப் பற்றி என்ன சொல்கிறது என்பதையும் முதலிலேயே பார்த்துவிடுங்கள்.

துளை இல்லாமல் மாட்டும் வழிகள் உண்டு. மோசினிலும் மவுசரிலும் பின்சைட்டின் மடல் தகட்டைக் கழற்றி, அதன் அடித்தளத்தில் ஏறி உட்காரும் மவுண்டை ஸ்கவுட் மவுண்ட் என்பார்கள். ஸ்கோப் பேரலின் மேல், ரிசீவருக்கு முன்னால் போய்விடுவதால் கிளிப், போல்ட், சேஃப்டி எதுவும் தடைபடாது. பிடிக்காவிட்டால் பழைய தகட்டைத் திரும்பப் போட்டுவிடலாம். ஆனால் இதற்குச் சாதாரண ஸ்கோப் உதவாது. சாதாரண ஸ்கோப்புக்குக் கண் 8 முதல் 10 சென்டிமீட்டர் தூரத்தில் இருக்க வேண்டும், ஸ்கவுட் மவுண்டுக்கு 25 சென்டிமீட்டர் அளவில் கண்தூரம் உள்ள ஸ்கோப் வேண்டும். இது தெரியாமல் நான் முதலில் சாதாரண ஸ்கோப்பை வாங்கிவந்து, கருப்பு வட்டத்துக்கு நடுவே பட்டாணி அளவு படத்தைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். இந்த யோசனை புதிதும் இல்லை. ஜெர்மானியர்கள் K98k என்ற மவுசர் 98 வகையில் பின்சைட் பக்கத்தில் மாட்டிய ZF41 ஸ்கோப் இதே வகைதான், 1.5 மடங்கு பெருக்கம் மட்டுமே.

லீ என்ஃபீல்ட் நம்பர் 4-க்குப் பின்சைட் அச்சு முள்ளையும் எஜெக்டர் (சுட்ட தோட்டாக்கூட்டை வெளியே தள்ளும் பாகம்) ஸ்க்ரூத் துளையையும் பிடித்துக்கொள்ளும் மவுண்ட் கிடைக்கிறது. அதன் போல்ட் ஏற்கனவே வளைந்தது, 60 டிகிரிதான் எழும், அதனால் மூன்றில் இதுவே சுலபம். SKS என்ற சோவியத் ரைஃபிளுக்கு வரும் மேல்மூடி மவுண்டை மட்டும் வாங்காதீர்கள். அந்த மூடியே சற்று ஆடும், ஸ்கோப் அதன் மேல் உட்கார்ந்தால் பூஜ்யம் (குறி வைத்த இடத்திலேயே குண்டு விழும்படி செய்த திருத்தம்) எப்படி நிற்கும்?

மோசினுக்கு அந்தக் காலத்து PU ஸ்கோப் வைத்த ஸ்னைப்பர் ரைஃபிள் போலவே வேண்டும் என்றால் ரிசீவரின் இடப்பக்கச் சுவரில் இரண்டு ஸ்க்ரூ, இரண்டு பின் வைத்து அடித்தளத்தைப் பொருத்த வேண்டும். மரக்கட்டையிலும் அந்த இடத்தைச் செதுக்க வேண்டும், நேர்க் கைப்பிடிக்குப் பதில் நீளமான வளைந்த கைப்பிடி போட வேண்டும். மவுசரில் ரிசீவர் மேல் தாழ்வாக மாட்டினால் K98k-யின் வளைந்த கைப்பிடிகூட இடிக்கும், சேஃப்டியையும் தாழ்வான வகைக்கு மாற்ற வேண்டும். மவுசர் ரிசீவரின் மேல்தோல் கடினமாக்கப்பட்டது. சாதாரண டிரில் பிட் அதில் வழுக்கி ஓடும். ஆழம் மீறினால் பேரல் மரையையோ போல்ட் லக் (போல்ட்டைப் பூட்டும் முனை) உட்காரும் இடத்தையோ துளை தொட்டுவிடும். அந்த இடம் தோட்டாவின் அழுத்தத்தைத் தாங்கும் இடம். இதைக் கைடிரில்லில் வீட்டில் செய்யாதீர்கள், துப்பாக்கி வேலை தெரிந்தவரிடம் கொடுத்துவிடுங்கள்.

சரி, துளையில்லாத மவுண்டே என்று வைத்துக்கொள்வோம். மேகசினைக் காலி செய்து, சேம்பரை (பேரலில் தோட்டா உட்காரும் குழி) கண்ணாலும் விரலாலும் பார்த்து, போல்ட்டைக் கழற்றி வேறு இடத்தில் வைத்துவிடுங்கள். தோட்டாக்கள் அந்த அறையிலேயே இருக்க வேண்டாம். மவுண்ட் உட்காரும் இடத்தில் எண்பது வருடத்து கிரீஸ் இருக்கும், அசிட்டோன் நனைத்த துணியால் உலோகம் வறண்டு தெரியும்வரை துடையுங்கள், மர மெருகில் மட்டும் பட்டுவிடாமல். ஸ்க்ரூக்களையும் அதே மாதிரி. பின்சைட் அடித்தளமே ஆடுகிறதா என்று கையால் அசைத்துப் பாருங்கள், ஆடினால் வேலையை அங்கேயே நிறுத்துங்கள். அடித்தள ஸ்க்ரூவுக்கு நீல நிறத் திருகுப்பசை ஒரு சொட்டு போதும். சிவப்பு வேண்டாம், அதைக் கழற்றச் சூடு காட்ட வேண்டியிருக்கும்.

ரிங்கின் (ஸ்கோப்பைச் சுற்றிப் பிடிக்கும் வளையம்) கீழ்ப்பாதியில் ஸ்கோப்பை வைத்து, மேல்பாதியைச் சற்றுத் தளர்வாகவே விடுங்கள். பெருக்கத்தை அதிகபட்சத்தில் வைத்து, கண்ணை மூடிக்கொண்டு ரைஃபிளைத் தோளில் இயல்பாக ஏற்றிக் கண்ணைத் திறங்கள். முழு வட்டமும் தெரியும்வரை ஸ்கோப்பை முன்னும் பின்னும் நகர்த்துங்கள். படுத்துச் சுடும்போது தலை இன்னும் முன்னால் போகும் என்பதை மறக்காதீர்கள். மோசினின் 7.62×54R தோட்டா உதைக்கும்போது ஸ்கோப் விளிம்பு புருவத்தைப் பிளந்தவர்கள் நிறையப் பேர். பழைய மரக்கட்டைகள் தாழ்வான சைட்டுக்கானவை, ஸ்கோப் உயரமானதும் கன்னம் அந்தரத்தில் தொங்கும். லீ என்ஃபீல்ட் ஸ்னைப்பரில் இதற்காகவே கட்டையில் மரத் துண்டு ஒன்றை ஸ்க்ரூ வைத்துப் பொருத்தினார்கள். நீங்கள் பட்டையால் கட்டும் தோல் பட்டியை வாங்கினால் போதும், ஆணி அடிக்க வேண்டாம்.

ரைஃபிளை நேராக நிறுத்தி, தூரத்தில் ஒரு கயிற்றில் கனமான பொருளைத் தொங்கவிட்டு, ஸ்கோப்பின் உள்ளே தெரியும் செங்குத்துக் கோட்டைக் கயிற்றோடு பொருத்துங்கள். பிறகு ரிங் ஸ்க்ரூக்களைக் குறுக்குக் குறுக்காக, ஒவ்வொன்றையும் அரைச் சுற்றாக இறுக்குங்கள், இருபுற இடைவெளியும் சமமாக இருக்கட்டும். ரிங் செய்தவர் சொல்லும் அளவே சட்டம். பொதுவாக ரிங் ஸ்க்ரூவுக்கு 15 முதல் 18 இன்ச்-பவுண்டு. டார்க் ரெஞ்ச் இல்லாமல் முழு பலத்தோடு இறுக்கினால் ஸ்கோப் குழாய் நசுங்கும், உள்ளே கண்ணாடியும் கெடும்.

போல்ட் கழற்றியபடியே ரைஃபிளை மணல் மூட்டையில் அசையாமல் வைத்து, பேரல் வழியாக 25 மீட்டரில் உள்ள இலக்கின் நடுவைப் பாருங்கள், அசைக்காமல் குறுக்குக் கோட்டையும் அதே இடத்துக்குக் கொண்டுவாருங்கள். இதற்கே ஸ்கோப்பின் திருத்தும் குமிழ் கடைசிவரை திரும்பிவிட்டால் மவுண்ட் கோணலாக உட்கார்ந்திருக்கிறது. 10 சென்டிமீட்டர் அடித்தளத்தின் ஒரு முனையில் 0.1 மில்லிமீட்டர் தகடு வைத்தால் 100 மீட்டரில் 10 சென்டிமீட்டர் மாறும். குளிர்பான டப்பாவை வெட்டினால் ஏறக்குறைய அந்தத் தடிமன் கிடைக்கும். குண்டு தாழ்வாக விழுந்தால் பின்பக்கம், உயரமாக விழுந்தால் முன்பக்கம்.

அப்புறம் சுடும் மைதானம். குமிழ் ஒரு படி திரும்புவது ஒரு கிளிக், MOA என்பது ஒரு டிகிரியில் அறுபதில் ஒரு பங்கு. கால் MOA கிளிக் என்றால் 100 மீட்டரில் ஏழு மில்லிமீட்டர், 25 மீட்டரில் இரண்டுக்கும் குறைவு. 25-ல் ஐந்து சென்டிமீட்டர் தாழ்ந்து விழுந்தால் 28 கிளிக் ஏற்ற வேண்டும், நாலைந்து கிளிக் தட்டிவிட்டு ஸ்கோப் வேலை செய்யவில்லை என்று கத்தாதீர்கள். ஒரு குண்டை நம்பித் திருத்தாமல் மூன்று சுட்டு நடுவைப் பாருங்கள், பேரலை ஆறவிடுங்கள், 25-ல் சரியானதும்தான் 100-க்குப் போங்கள். மோசின் 91/30-ஐ ஆலையில் பயோனெட் மாட்டிய நிலையில்தான் பூஜ்யம் செய்தார்கள், அதனால் அதைக் கழற்றிவிட்டுச் சுடுவதானால் கழற்றிய நிலையிலேயே ஸ்கோப்பைத் திருத்துங்கள்.

இருபது குண்டுக்குப் பிறகு எல்லா ஸ்க்ரூவையும் ஒருமுறை சரிபாருங்கள். ரிங்கிலிருந்து ஸ்கோப் குழாய்மேல் படும்படி நகப்பூச்சால் ஒரு மெல்லிய கோடு போட்டிருந்தால் நழுவியது உடனே தெரியும். கோடு உடைந்திருந்தால் குமிழைத் தொடாதீர்கள், ரிங்கைக் கழற்றித் திரும்பவும் துடைத்து மாட்டுங்கள். பத்துக்கு எட்டுத் தடவை உள்ளே எண்ணெய் இருக்கும்.