ஜைரோவுக்குக் கூடுதல் பெட்ரோல் டேங்க்: எங்கே வைப்பது, எப்படி இணைப்பது

ஜைரோ என்பது தலைக்கு மேல் ரோட்டர் என்னும் சுழலும் இறக்கையும், பின்னாலிருந்து தள்ளும் புரொப்பெல்லரும் உள்ள சிறு விமானம். மலேசியாவின் சுங்கை சிப்புட்டில் வீட்டுக்குப் பின்னால் இருக்கும் பட்டறையில் நான் கட்டிய ஒற்றை இருக்கை ஜைரோவுக்கு முதலில் ஒரே டேங்க்தான், 30 லிட்டர். மேலே போய் ஒரு மணி நேரம் ஆனதும் கண் பெட்ரோல் அளவு காட்டும் குழாயை விட்டு நகராது. அதனால் இன்னொரு 20 லிட்டருக்கு இடம் செய்தேன். அதே வேலையில் இறங்க நினைப்பவர்கள் டேங்க் வாங்குவதற்கு முன்பே இதைப் படித்துவிடுங்கள்.

முதலில் எடை

பெட்ரோல் ஒரு லிட்டர் ஏறக்குறைய 0.74 கிலோ. 20 லிட்டர் என்றால் 15 கிலோ. டேங்க், பட்டை, பம்ப் எல்லாம் தனி. ரோட்டருக்கும் சட்டகத்துக்கும் சொல்லப்பட்ட மொத்த எடைக்குள் இது அடங்காவிட்டால் இந்த வேலையை விட்டுவிடுங்கள். எடை பார்க்க, தோட்டத்தில் எடுத்து வைத்திருந்த தராசு மூன்றை இரவல் வாங்கி, சக்கரத்துக்கு ஒன்றாக வைத்தேன். 10 கிலோ அரிசி மூட்டையை வைத்து மூன்றும் ஒரே எண்ணைக் காட்டுகிறதா என்று முதலில் பார்த்துக்கொண்டேன்.

இடம்

இங்கேதான் நிதானம் வேண்டும். பறக்கும்போது ஜைரோவின் ரோட்டரை இன்ஜின் சுற்றுவதில்லை, கீழிருந்து வரும் காற்றே சுற்றுகிறது. ரோட்டர் தலையில் மொத்த உடலும் தூக்குக்குண்டு மாதிரி தொங்குகிறது. அப்படித் தொங்குவதில் முன்னாலோ பின்னாலோ தள்ளி எடை ஏற்றினால் அது சாயும்.

கணக்குப் போடுங்கள். ஆளோடும் பழைய பெட்ரோலோடும் 285 கிலோ. அதன் எடை மையத்துக்கு 40 செ.மீ. பின்னால் 15 கிலோ வைத்தால், மையம் 2 செ.மீ. பின்னுக்குப் போகும். மூக்கு தூக்கிக்கொள்ளும், ஸ்டிக்கை முன்னால் தள்ளியே பிடிக்க வேண்டியிருக்கும், தள்ள மிச்சம் இருக்கும் தூரமும் குறையும். அந்த பெட்ரோல் தீரத் தீர மையம் திரும்ப நகரும். ஒரே பறப்பில் இரண்டு விதமான ஜைரோ!

சரி, இருக்கைக்கு அடியில் வைத்தால்? பலருக்கும் முதலில் தோன்றுவது அதுதான், எனக்கும் தோன்றியது. வைக்காதீர்கள். எடை மையம் கீழே இறங்கினால் புரொப்பெல்லர் தள்ளும் கோடு அதற்கு மேலே போய்விடும். சாதாரண நேரத்தில் ரோட்டரின் இழுப்பு இதை மறைத்துவிடும். கீழிருந்து வரும் காற்று திடீரென்று குறைந்து, ரோட்டர் மேல் பாரம் குறையும் கணத்தில், இன்ஜின் ஜைரோவை மூக்கு குப்புறத் தள்ளும். அப்போது ரோட்டரில் பாரமே இல்லாததால் ஸ்டிக்கை இழுத்தும் பயனில்லை. ஜைரோ ஓட்டிகள் பலரை இப்படி இழந்திருக்கிறோம். கிளாஸ்கோ பல்கலைக்கழகத்தில் நடந்த ஆய்வு, எடை மையத்துக்கும் தள்ளும் கோட்டுக்கும் உள்ள உயர வித்தியாசத்தைத்தான் முக்கியமாகச் சொன்னது. 2 அங்குலத்துக்குள் இருப்பது நல்லது.

நான் தேர்ந்த இடம், இருக்கைக்குப் பின்னால், ரோட்டரைத் தாங்கும் மாஸ்ட் கம்பத்தின் இரு பக்கமும், எடை மையத்தின் உயரத்திலேயே, பக்கத்துக்கு 10 லிட்டர். புகைபோக்கியிலிருந்து தள்ளி, நடுவில் ஒரு அலுமினியத் தகடு.

டேங்க்கும் பட்டையும்

அலுமினியம் அல்லது பெட்ரோலுக்கென்றே செய்த பாலிஎத்திலீன். களைக்கொல்லி வந்த 20 லிட்டர் கேன் தோட்டத்தில் எங்கும் சும்மா கிடைக்கும். அது வேண்டாம், உள்ளே ஒட்டிய மருந்து கார்புரேட்டர் வரை போகும். டேங்க்கை நேராக போல்ட் போட்டு இறுக்காமல் பட்டையால் கட்டுங்கள். ரோட்டரின் அதிர்வு போல்ட் ஓட்டையைச் சுற்றி வெடிப்பு விட வைக்கும். பட்டைக்கு அடியில் நைட்ரைல் ரப்பர் வையுங்கள். நம் பால்மரத்து ரப்பர் பெட்ரோல் பட்டால் ஊதிக் கூழாகிவிடும், டயர் டியூப்பும் நம்பக்கூடியதல்ல.

குழாய்

புதியவர்களுக்கு நான் சொல்வது ஒரே வழி: இன்ஜின் எப்போதும் பழைய டேங்க்கிலிருந்தே குடிக்கட்டும். புதிய இரண்டையும் அடியில் ஒரு குழாயால் இணைத்து, அங்கிருந்து அடைப்பான், வடிகட்டி, சின்ன மின் பம்ப் வழியாகப் பழைய டேங்க்குக்கு அனுப்புங்கள். பம்ப் நின்றாலும் இன்ஜின் நிற்காது, பழைய டேங்க்கில் இருப்பதை வைத்து இறங்கிவிடலாம். அதில் 20 லிட்டருக்கு இடம் காலியான பிறகே பம்ப்பைப் போட வேண்டும், இல்லாவிட்டால் வழிந்து சூடான இன்ஜின் மேல் கொட்டும்.

ஒவ்வொரு டேங்க்குக்கும் காற்று வாங்கும் குழாய் தனியாக வேண்டும். என் இடது டேங்க்கின் குழாய் வாயில் ஒரு வாரத்தில் குளவி மண்கூடு கட்டிவிட்டது. தரையில் பம்ப்பை ஓட்டிப் பார்த்தபோது வலது டேங்க் மட்டும் இறங்கியது, இடதில் பெட்ரோல் அப்படியே நின்றது. மேலே இருந்திருந்தால் ஒரு பக்கம் 7 கிலோ பாரத்தோடு தரையிறங்கியிருப்பேன். அன்றே குழாய் வாயில் மெல்லிய பித்தளை வலை வைத்தேன்.

பழைய டேங்க்கிலிருந்து இன்ஜினுக்குப் போகும் குழாயையும் அப்போதே சோதியுங்கள். ஏறும்போது இருப்பதுபோல் மூக்கைத் தூக்கி வைத்து, கார்புரேட்டர் பக்கம் கழற்றி, ஒரு நிமிடம் அளவுக் குவளையில் பிடியுங்கள். இன்ஜின் முழு வேகத்தில் குடிக்கும் அளவில், பம்ப் வழியென்றால் 125 சதவீதம், தானாக வழிந்தால் 150 சதவீதம் வர வேண்டும். ரோட்டாக்ஸ் 912 யூஎல்எஸ் இன்ஜின் முழு வேகத்தில் மணிக்கு 27 லிட்டர் குடிக்கும். அதற்கு பம்ப்பில் நிமிடத்துக்கு 565 மில்லி.

தொங்கவிட்டுப் பார்ப்பது

டிராக்டர் இன்ஜின் தூக்கும் செயின் பிளாக்கில் ரோட்டர் தலையின் போல்ட்டைக் கட்டி, நீங்கள் இருக்கையில் உட்கார்ந்து, சக்கரம் ஒரு சாண் எழும்பும்வரை தூக்கச் சொல்லுங்கள். ரசமட்டத்தில் கோணத்தைக் குறியுங்கள். கூடுதல் டேங்க் காலியாக ஒருமுறை, நிறைத்து ஒருமுறை. இரண்டும் உங்கள் ஜைரோவின் கையேடு சொல்லும் எல்லைக்குள் இருக்க வேண்டும். அப்புறம் வேறொரு புள்ளியிலும் கட்டித் தூக்கி, இரண்டு முறையும் கட்டிய புள்ளியிலிருந்து தூக்குக்குண்டு விட்டுக் கோடு போட்டால், இரண்டு கோடும் வெட்டும் இடத்தில் எடை மையத்தின் உயரம் தெரியும்.

இந்த அளவுகளையும் படங்களையும் எடுத்துக்கொண்டு மலேசிய சிவில் விமானப் போக்குவரத்து ஆணையத்திடம் போங்கள். டேங்க் சேர்த்த ஜைரோ அவர்கள் முன்பு பார்த்த ஜைரோ அல்ல. சம்மதம் வரும்வரை தரையை விட்டு எழும்ப வேண்டாம்.

நம் ஊர் ஈரத்தில் பாதி காலியான டேங்க்கின் சுவரில் இரவெல்லாம் நீர் வேர்த்து அடியில் தேங்கும். அதனால் இரண்டு டேங்க்கின் அடியிலும் வடிகால் திருகு வைத்திருக்கிறேன். காலையில் கண்ணாடிப் பாட்டிலில் கொஞ்சம் பிடித்து வெளிச்சத்தில் காட்டுவேன். அடியில் நீர்முத்து தெரிந்தால், தெரியாத வரைக்கும் வடிப்பேன். பிறகு வலையைக் கழற்றி இரண்டு காற்றுக் குழாயிலும் வாய் வைத்து ஊதிப் பார்ப்பேன்.