கொக்கி எங்கே? பிளெண்டரில் போட்டுக் கழற்றக்கூடிய உடை தைப்பது எப்படி

முப்பரிமாணப் பாத்திரங்களுக்கென்று இணையத்தில் விற்கப்படும் உடைகளைக் கொஞ்ச நேரம் புரட்டிப் பாருங்கள். கழுத்து வரை மூடி, இடுப்பைக் கவ்விப் பிடித்த ஒரு மேல்சட்டை இருக்கும். முன்னால் பொத்தான் கிடையாது, பின்னால் ஜிப் கிடையாது, பக்கவாட்டில் கொக்கியும் கிடையாது. தலை நுழையும் அளவுக்குக் கழுத்தாவது இருக்கிறதா என்றால் அதுவும் இல்லை. அந்தப் பெண் இதற்குள் எப்படித்தான் போனாள்? இடுப்பில் மூன்று பெல்ட்டுகள் இருக்கும், மூன்றும் எதையும் தாங்காது. தோளில் இரும்புக் கவசம் இருக்கும், கையைத் தூக்கினால் அது காதுக்குள் போய்விடும்.

இதற்குக் காரணம் எளிது. உடை செய்வதற்கு இருப்பதிலேயே சுலபமான வழி, பாத்திரத்தின் உடல் மெஷ்ஷில் (புள்ளிகளும் கோடுகளும் சேர்ந்த வலை வடிவம்) வேண்டிய பகுதியை நகலெடுத்து, கொஞ்சம் உப்பவைத்து, நிறம் பூசிவிடுவது. உடலுக்குத் திறப்பு இல்லை, அதனால் உடைக்கும் இல்லை. விற்பனைப் படத்தில் பாத்திரம் நின்றுகொண்டுதான் இருக்கும், உட்காரச் சொல்லி யாரும் கேட்பதில்லை. கணினிக்குள் புவியீர்ப்புகூட நாம் கேட்டால்தான் வரும்.

கற்பனைதானே, இருந்துவிட்டுப் போகட்டும் என்று சொல்லலாம். படம் ஒன்றோடு நிறுத்தினால் சரி. பாத்திரத்தை நடக்கவிட்டால்தான் வம்பு. தொடை பாவாடையைக் கிழித்துக்கொண்டு வெளியே வரும், அக்குளில் துணி ரப்பராக இழுபடும். தையற்காரர் பல காலமாகத் தீர்த்து வைத்திருக்கும் சிக்கல்களை நாம் புதிதாக உருவாக்கிக்கொண்டு, பிறகு எந்த எலும்பு எந்தப் பகுதியை இழுக்கும் என்று குறிக்கும் வெயிட் பெயின்ட் தூரிகையால் தேய்த்துக்கொண்டிருக்கிறோம். அதனால் இந்தப் பாடத்தில் தையற்காரர் வழியிலேயே போவோம். கையில்லாத, முன்பக்கம் திறக்கும் ஒரு குட்டைச் சட்டை செய்யப்போகிறோம். மென்பொருள் பிளெண்டர், இலவசம்தான். எலும்புக்கூடு பொருத்தப்பட்ட பாத்திரம் ஒன்று உங்களிடம் இருந்தால் போதும்.

படி 1: முதலில் உடையை விசாரியுங்கள்

கணினியைத் திறக்க வேண்டாம். செய்யப்போகும் உடையைத் தாளில் வரைந்து, இது எங்கே திறக்கிறது, கீழே விழாமல் எது பிடித்திருக்கிறது, தையல் எங்கெங்கே ஓடுகிறது, உட்கார்ந்தால் கூடுதல் துணி எங்கிருந்து வரும் என்று எழுதுங்கள்.

சிங்கப்பூரில் இருப்பவர்களுக்கு இதில் ஒரு வசதி உண்டு. நாலு மரபுகளின் தையல் புத்தியும் கண்ணெதிரே நடமாடுகிறது. கெபாயா என்ற முன்பக்கம் திறக்கும் மேல்சட்டையை எடுத்துக்கொள்ளுங்கள். பழைய பாணிக் கெபாயாவில் பொத்தானே கிடையாது. கெரோசாங் என்று மெல்லிய சங்கிலியால் கோத்த மூன்று ஊசிகள்தான் முன்பக்கத்தைச் சேர்த்துப் பிடிக்கும். கணினியில் கெபாயா செய்பவர்கள் அந்த நகையை மார்பில் ஒட்டிவைத்துவிட்டு, கீழே துணியை ஒரே பலகையாக விட்டுவிடுவார்கள். உடையைப் பிடித்திருக்கும் பொருள் அங்கே வெறும் ஸ்டிக்கராகிவிடுகிறது.

சீனர்களின் சியொங்சாமில் கழுத்திலிருந்து அக்குள் நோக்கிச் சாய்வாக ஒரு திறப்பு, துணி முடிச்சுப் பொத்தான்கள். பக்கவாட்டில் இருக்கும் வெட்டு கவர்ச்சிக்கு என்று நினைப்பவர்கள் உண்டு. அத்தனை குறுகலான பாவாடையில் அது இல்லாவிட்டால் அடி எடுத்து வைக்க முடியாது. மலாய்க்காரர்களின் மரபான பாஜு கூரோங்கில் கைக்கு அடியில் ஒரு சிறிய சதுரத் துண்டைச் சேர்த்துத் தைத்திருப்பார்கள். கையைத் தூக்கும்போது அந்தத் துண்டு விரிந்து கொடுக்கும், சட்டை மேலே ஏறாது. நம்முடைய ரவிக்கையைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். முன்னால் கொக்கி, உள்ளே லைனிங், மார்புக்குக் கீழே டார்ட் என்ற மடிப்புத் தையல். துணியை வளைக்காமல் வளைவு கொண்டுவரும் வித்தை அந்த டார்ட்டில்தான் இருக்கிறது.

ஒரு மாலை தேக்கா நிலையத்தின் மேல்தளத்துக்குப் போய், துணிக்கடைகளிலும் தையற்கடைகளிலும் தொங்கும் ரவிக்கைகளைப் பாருங்கள். கடைக்காரரிடம் கேட்டுக்கொண்டு உள்பக்கத்தைப் புரட்டிப் பாருங்கள். வெளிப்பக்கத்தைவிட உள்பக்கத்தில்தான் பாடம் அதிகம்.

படி 2: அளவு

பிளெண்டரில் பாத்திரத்தைத் திறந்து, விசைப்பலகையில் N எழுத்தை அழுத்தினால் பக்கத்தில் வரும் பலகையில் உயரத்தைப் பாருங்கள். 1.6 மீட்டர், 1.7 மீட்டர் என்று இருக்க வேண்டும். சில மாதிரிகள் சென்டிமீட்டர் கணக்கில் செய்யப்பட்டிருக்கும், 170 மீட்டர் உயரத்தில் வந்து நிற்கும். அவ்வளவு பெரிய உடம்பில் துணி விடும்போது அது மெதுவாக, திருமணப் பந்தல் சரிவதுபோல் இறங்கும். அளவைச் சரிசெய்துவிட்டு, கன்ட்ரோல் ஏ அழுத்தி ஸ்கேலை உறுதிப்படுத்துங்கள்.

படி 3: உடலைத் திடமாக்குங்கள்

உடலைத் தேர்ந்தெடுத்து, இயற்பியல் பகுதியில் கொலிஷன் கொடுங்கள். துணி உடலுக்குள் புகாமல் இருக்க இதுதான் வேலி. தொடக்கத்தில் கொடுக்கப்பட்டிருக்கும் தடிமன் சென்டிமீட்டர் கணக்கில் இருக்கும். மூன்று, நான்கு மில்லிமீட்டருக்குக் குறையுங்கள், இல்லையென்றால் சட்டை உடம்பைத் தொடாமல் மிதக்கும்.

அப்புறம் அசைவு. முதல் 60 ஃபிரேம்கள் (அசைவின் ஒவ்வொரு படமும் ஒரு ஃபிரேம்) கைகளை விரித்து நிற்கட்டும். அதற்குப் பிறகு பாத்திரம் மெதுவாகச் சில நிலைகளுக்குப் போகட்டும். நான் பரிந்துரைப்பவை இவை: எம்ஆர்டி ரயிலில் மேலே தொங்கும் கைப்பிடியைப் பிடிப்பது, ஈரடுக்குப் பேருந்தின் படியில் கால் வைத்து ஏறுவது, உணவங்காடியின் முக்காலியில் உட்கார்ந்து மேசைமேல் குனிவது, கீழே விழுந்த ஈஸிலிங்க் பயண அட்டையை எடுப்பது. வாளைச் சுழற்றும் வீராங்கனையாக இருந்தாலும் பரவாயில்லை. கைப்பிடியைப் பிடிக்க முடியாதவள் வாளை எப்படி ஓங்குவாள்?

படி 4: துணி வெட்டி, தைக்க

இதுதான் பாடத்தின் நடு. அவசரப்பட வேண்டாம்.

பாத்திரத்தின் மார்புச் சுற்றளவு 88 சென்டிமீட்டர் என்று வைத்துக்கொள்வோம். அதோடு 5 சென்டிமீட்டர் லூசு சேர்த்தால் 93. பின்பக்கத்துக்கு 46.5 சென்டிமீட்டர் அகலத்தில் ஒரு தட்டையான பிளேன். முன்பக்கத்துக்கு இரண்டு பாதிகள். நடுவில் அவை ஒன்றன்மேல் ஒன்று ஏறி நிற்க வேண்டும் என்பதால் ஒவ்வொன்றையும் ஒரு சென்டிமீட்டர் கூடுதலாக, அதாவது 24.25 சென்டிமீட்டர் அகலத்தில் வையுங்கள். பெண்கள் சட்டையில் வலப்பக்கம் மேலே வரும், ஆண்கள் சட்டையில் இடப்பக்கம். மேலே வரும் பாதியை ஒரு சென்டிமீட்டர் முன்னால் தள்ளி வையுங்கள். மூன்று துண்டுகளும் ஒரே பொருளுக்குள் இருக்கட்டும்.

கழுத்தையும் கைக்குழியையும் வளைவாக வெட்டுங்கள். கைக்குழி விஷயத்தில் தொடக்கநிலையாளர்கள் எல்லாரும் ஒரே மாதிரி யோசிப்பார்கள்: கை தாராளமாக அசையக் குழி ஆழமாக இருக்க வேண்டும் என்று. உண்மை தலைகீழ். அதிலும் கை வைத்த சட்டையில் நன்றாகத் தெரியும். குழி அக்குளுக்கு நெருக்கமாக இருந்தால் தூக்கும்போது கை மட்டும் போகும். குழி கீழே இறங்க இறங்க, கையோடு சேர்ந்து மொத்தச் சட்டையும் மேலேறும். இதை ஒருமுறை சிமுலேஷனில், அதாவது துணியைக் கணினியில் இயக்கிப் பார்க்கும்போது, இரண்டு விதமாகவும் வெட்டிப் பாருங்கள், பிறகு மறக்காது.

துண்டுகளைச் சப்டிவைட் செய்து, அதாவது சிறு கட்டங்களாகப் பிரித்து, புள்ளிகளுக்கு இடையில் ஒன்றரை சென்டிமீட்டர் இருக்கும்படி பார்த்துக்கொள்ளுங்கள். இப்போது தையல். எடிட் மோடில் முன் துண்டின் பக்க விளிம்பையும் பின் துண்டின் பக்க விளிம்பையும் தேர்ந்தெடுத்து, பிரிட்ஜ் எட்ஜ் லூப்ஸ் கொடுங்கள். இரண்டையும் இணைத்து ஒரு பரப்பு உருவாகும். எக்ஸ் அழுத்தி, முகப்புகளை மட்டும் நீக்கும் தேர்வைச் சொடுக்குங்கள். பரப்பு போய்விடும், கோடுகள் மட்டும் நிற்கும். அந்தக் கோடுகள்தான் நூல். தோள்பட்டைக்கும் இதையே செய்யுங்கள். பக்கத் தையலைக் கீழ்விளிம்பு வரை கொண்டுபோகாமல், கடைசி 15 சென்டிமீட்டரைத் திறந்து விடுங்கள். உட்காரும்போது இடுப்பு விரிய இடம் அதுதான்.

இனி கிளாத் இயற்பியல். பருத்தி, டெனிம், தோல், ரப்பர், பட்டு என்று ஆயத்த அமைப்புகள் இருக்கின்றன, பருத்தியை எடுங்கள். அமைப்புகளில் ஷேப் பகுதிக்குள் இருக்கும் சூயிங்கை (Sew), அதாவது நூல் கோடுகளை இழுத்துச் சேர்க்கும் தேர்வை, இயக்குங்கள். அங்கே தையலின் உச்ச விசை சுழியமாக இருக்கும். சுழியம் என்றால் விசையே இல்லை என்று நினைத்துவிடாதீர்கள், வரம்பே இல்லை என்று பொருள். அப்படியே விட்டால் முதல் சில ஃபிரேம்களில் துணி வெடித்துச் சிதறும். 5 கொடுத்துத் தொடங்கி, தேவைப்பட்டால் ஏற்றுங்கள். புவியீர்ப்பை இந்தக் கட்டத்தில் மட்டும் சுழியமாக்குங்கள். குவாலிட்டி ஸ்டெப்ஸ் 5 இருந்தால் 8 அல்லது 10 ஆக்குங்கள். துணியின் மோதல் தூரத்தையும் மூன்று மில்லிமீட்டருக்குக் குறைத்துவிட்டு ஓட்டுங்கள்.

துண்டுகள் உடலைச் சுற்றி ஒட்டிக்கொள்ளும். நன்றாகச் சேர்ந்துவிட்ட ஃபிரேமில் நிறுத்தி, கிளாத் மாடிஃபையரை அப்ளை செய்து அந்த வடிவத்தை நிரந்தரமாக்குங்கள். தையல் ஓடும் புள்ளிகளை மட்டும் தேர்ந்தெடுத்து, எம் அழுத்தித் தூர அடிப்படையில் இணைத்துவிடுங்கள். முன்பக்கத் திறப்பைத் தொடாதீர்கள்.

மார்பைப் பாருங்கள் இப்போது. துணி ஒரு மேட்டிலிருந்து இன்னொரு மேட்டுக்கு நேராகப் பாலம் கட்டியிருக்கும். உடலை நகலெடுத்துச் செய்த உடையில் ஒவ்வொரு மார்புக்கும் தனித்தனி உறை போட்டதுபோல் துணி பள்ளத்துக்குள் இறங்கியிருக்கும். நீள்தன்மை இல்லாத துணி அப்படிச் செய்யாது. இணையக் கடைகளில் இருக்கும் உடைகளில் எனக்கு மிகவும் எரிச்சல் தருவது இதுதான், பெல்ட்டுகளைக்கூட மன்னித்துவிடலாம்.

படி 5: பொத்தான்

பொத்தான் என்பது கணினிக்கு இரண்டு புள்ளிகளைச் சேர்க்கும் ஒரே ஒரு நூல். வலப் பாதியில் ஒரு புள்ளி, அதற்கு நேர் கீழே இடப் பாதியில் ஒரு புள்ளி, எஃப் அழுத்தினால் கோடு வந்துவிடும். மேலிருந்து கீழாக ஐந்து இடங்களில் இப்படிச் செய்யுங்கள். புதிதாக ஒரு கிளாத் கொடுத்து, சூயிங்கும் தன்மோதலும் இயங்கட்டும், தன்மோதல் தூரம் 0.002. புவியீர்ப்பைத் திரும்பக் கொண்டுவாருங்கள்.

பாத்திரம் முக்காலியில் உட்காரும்போது இரண்டு பொத்தான்களுக்கு நடுவே துணி லேசாகப் பிளந்து வாய்திறக்கும். அது பிழை இல்லை. பேருந்தில் எதிரே உட்கார்ந்திருப்பவரின் சட்டையும் அப்படித்தான் இருக்கும். ரொம்பத் திறந்தால் லூசு போதவில்லை, படி 4-க்குத் திரும்புங்கள். கொக்கி, கெரோசாங், முடிச்சு எல்லாவற்றுக்கும் இதே முறைதான், கோடுகளின் இடமும் எண்ணிக்கையும் மட்டும் மாறும். பொத்தானின் உருவத்தைக் கடைசியில் தனியாகச் செய்து அந்த இடங்களில் பொருத்தலாம்.

படி 6: தடிமன்

சாலிடிஃபை மாடிஃபையர், ஒரு மில்லிமீட்டர், மாடிஃபையர் பட்டியலில் கிளாத்துக்குக் கீழே. அவ்வளவுதான்.

சேலை கட்ட ஆசைப்படுபவர்களுக்கு

ஐந்தரை மீட்டர் துணியைச் சிமுலேஷனில் சுற்றிக் கட்டுவது முதல் வேலையாக வேண்டாம். ஆனால் முப்பரிமாணச் சந்தையில் கிடைக்கும் சேலைகள் பெரும்பாலும் ஒரு நீளப் பாவாடை, அதன்மேல் தோளில் ஒட்டிய துப்பட்டா. கொசுவம் என்பது வெறும் வரைந்த கோடு. சேலையைப் பிடித்திருப்பது உள்பாவாடையின் நாடா, அதில் செருகிய கொசுவம், தோளில் ஒரு ஊக்கு. இந்த மூன்று இடங்களையும் பின் குரூப்பாக (Pin Group), அதாவது அசையாமல் பிடித்துவைக்கும் புள்ளிகளாக, அமையுங்கள். இடுப்பைச் சுற்றிய பகுதி ஒரு துண்டு, மடித்து மாடல் செய்த கொசுவம் ஒரு துண்டு, முந்தானை ஒரு துண்டு. ஓரங்களைச் செருகலுக்குள் ஒளித்துவிட்டால் ஒரே துணியாகத் தெரியும். பட்டு என்றால் எடையைக் கூட்டுங்கள், ஜரிகை முந்தானை பறக்காது.

எப்போது விதியை மீறலாம்?

உடை இறுக்கமாக இருப்பதே குற்றம் இல்லை. சிங்கப்பூர் ஏர்லைன்ஸ் பணிப்பெண்களின் சரோங் கெபாயாவுக்கு 1968-ல் வடிவம் கொடுத்தவர் பிரெஞ்சு வடிவமைப்பாளர் பியேர் பால்மேன். உடம்போடு ஒட்டிய உடை அது. அதைப் போட்டுக்கொண்டுதான் தலைக்கு மேலுள்ள பெட்டித்தட்டை மூடுகிறார்கள். மறுபக்கம், 1910-ஐ ஒட்டிய ஆண்டுகளில் ஐரோப்பாவில் முழங்காலுக்குக் கீழே கால்களைக் கட்டிப்போட்ட மாதிரி ஒரு பாவாடை மோஸ்தராக இருந்தது. பெண்கள் குட்டிக் குட்டி அடியாக எடுத்து வைத்தார்கள். உங்கள் அரசிக்கு அப்படி ஒன்று வேண்டுமென்றால் தாராளமாகச் செய்யுங்கள், ஆனால் அவள் குதித்து ஓடக் கூடாது. உடுத்திவிட இரண்டு தோழிகளும் கதையில் இருந்தால் முதுகில் நாற்பது கொக்கிகூட வைக்கலாம். 32 பாகை வெயிலில் தோல் கவசம் அணிந்த பாத்திரமா, வியர்வையையும் சேர்த்து வரையுங்கள்.

ஏற்கெனவே வாங்கிய உடையைச் சரிசெய்ய நினைப்பவர்கள் முதலில் உரிமத்தைப் படியுங்கள். பொதுவாக உங்கள் படத்துக்காக மாற்றிக்கொள்ளலாம், மாற்றியதை விற்கத்தான் அனுமதி இருக்காது. முதுகில் நடுக்கோட்டை ஆல்ட் சொடுக்கில் தேர்ந்தெடுத்து, வி அழுத்திப் பிரித்து, படி 5-ல் சொன்ன கோடுகளைப் போட்டாலே பாதி வேலை முடிந்தது. மார்புப் பள்ளத்தை நிரப்ப ஸ்கல்ப்ட் மோடில் ஸ்மூத் தூரிகை போதும். தோள் கவசத்தைக் கை எலும்போடு கட்டாமல், வார் போட்டுத் தோளெலும்போடு கட்டுங்கள். பெல்ட்டுகளில் ஒன்றை வைத்துக்கொண்டு மற்ற இரண்டையும் அழித்துவிடுங்கள்.