கழிமுகச் சேற்றில் ஃபொராமினிஃபெரா: உணவை அளக்கும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

ஃபொராமினிஃபெராவை (ஓடுள்ள ஒற்றைச் செல் நுண்ணுயிர்களை) எண்ண வெள்ளாற்றுக் கழிமுகத்திலும் பிச்சாவரத்திலும் சேறு அள்ளிவரும் புது மாணவர்களின் அறிக்கைகளைப் படிக்கும்போதெல்லாம், ஆரம்ப நாட்களில் நாங்கள் செய்த அதே தவறுகள் அவற்றில் தலைகாட்டுகின்றன. பாட்டிலில் பெயர் எழுத மறப்பது, சல்லடையைக் கழுவாமல் விடுவது எல்லாம் தானே சரியாகிவிடும். முடிவையே தலைகீழாக்கும் தவறுகளை மட்டும் இங்கே சொல்கிறேன்.

கார்பன் அதிகம் என்றால் உணவு அதிகம் என்று எண்ணுவது

இன்றும் எனக்கு எரிச்சல் மூட்டுவது இதுதான். அலையாத்தி மரங்களுக்கு நடுவே ஓடும் வாய்க்காலிலிருந்து ஒரு மாணவி எடுத்துவந்த கருஞ்சேற்றில் மொத்தக் கரிமக் கார்பன் மிக அதிகம். திறந்த சேற்றுத்திட்டில் குறைவு. ஆனால் உயிருள்ள ஃபொராமினிஃபெரா மிகுந்திருந்தது திட்டில்தான். "உணவுக்கும் எண்ணிக்கைக்கும் தொடர்பில்லை" என்று அத்தியாயத்தை முடித்துவிட்டார். அத்தனை உழைப்பும் போட்டு அவர் அளந்தது உணவையே அல்ல.

வாய்க்காலில் கிடந்தது பெரும்பாலும் மக்கும் இலையும் வேரும். நாரும் டானினும் நிறைந்த அதைப் பாக்டீரியாவே மெல்லத்தான் சிதைக்கும். கார்பன்–நைட்ரஜன் விகிதம் பார்த்திருந்தால் அப்போதே தெரிந்திருக்கும்: நுண்பாசிக்கு அது சுமார் 6 முதல் 8 வரை, நிலத்தாவர எச்சத்துக்குப் பெரும்பாலும் 20-க்கு மேல். அம்மோனியா (வாயு அல்ல), எல்ஃபிடியம் போன்ற ஃபொராமினிஃபெரா பேரினங்கள் நாடுவது டயாட்டம் என்னும் சிலிக்கா ஓடுள்ள நுண்பாசியையும் பாக்டீரியாவையும் புதிதாகப் படிந்த பாசியையும். ஓதம் இறங்கியதும் திட்டின்மேல் பொன்பழுப்பாக ஒரு படலம் மினுங்குமே, அதுதான் சாப்பாடு. அந்தச் சேற்றில் கொஞ்சம் எடுத்து, சாயம் போடுமுன் நுண்ணோக்கியில் பாருங்கள். உயிருள்ள அம்மோனியாவின் ஓட்டுக்குள் தின்ற பாசியின் நிறம் பசுமஞ்சளாகத் தெரியும். வாய்த்துளையைச் சுற்றி டயாட்டங்களும் சேற்றுத் துகள்களும் பொதியாக ஒட்டியிருக்கும்.

இதில் இன்னொரு கோணமும் உண்டு. மக்கும் பொருள் குவியக் குவிய ஆக்சிஜன் தீர்ந்துபோகும். உணவு குறைந்த இடத்தில் உணவும், மிகுந்த இடத்தில் ஆக்சிஜனும் ஃபொராமினிஃபெராவுக்கு எல்லை போடுகின்றன என்று 1995-இல் ஆய்வாளர் யோரிசனும் அவரது குழுவினரும் விளக்கினார்கள். வாய்க்கால் சேற்றில், ஆக்சிஜன் தீர்ந்ததற்கு அடையாளமான அழுகிய முட்டை வாடை அடித்ததைக் களக்குறிப்பில் எழுதியிருந்த அதே மாணவி, கணக்குப் போடும்போது அதை விட்டுவிட்டார்.

சரி, எதை அளப்பது? மேல் சில மில்லிமீட்டர் சேற்றைத் தனியாக வழித்து, வெளிச்சம் படாமல் உறையவைத்து, பாசியின் பச்சை நிறமியான குளோரோஃபில்-ஏ அளவையும் சிதைந்த நிறமியின் அளவையும் பாருங்கள். படகில் வெயில்பட்டுக் கிடந்த பையை வைத்து நிறமி அளக்காதீர்கள். முடிந்தால் புரதம், கொழுப்பு, கார்போஹைட்ரேட்டையும் அளக்கலாம். செலவுதான், ஆனால் இவைதான் உணவின் தரத்தைச் சொல்லும்.

வெறும் ஓடுகளை எண்ணுவது

இந்த மாதத்து உணவோடு பல ஆண்டுகளாகச் சேர்ந்த செத்த ஓடுகளை ஒப்பிடாதீர்கள். உயிருள்ளதைப் பிரித்துக்காட்ட ரோஸ் பெங்கால் சாயம் கட்டாயம். செத்துச் சில வாரங்களே ஆனதிலும் அது இளஞ்சிவப்பாக ஏறும் என்பதால், கடைசி அறை தவிர மற்ற அறைகளெல்லாம் அழுத்தமாக நிறம் பிடித்தவற்றை மட்டும் எண்ணுங்கள்.

125 மைக்ரான் சல்லடையோடு நிறுத்துவது

உணவு வந்ததும் பெருகும் குஞ்சுகள் அதன் வழியே போய்விடும். 63 மைக்ரான் சல்லடையும் வேண்டும்.

ஒரே இடத்துச் சேறு

ஒரு பானைச் சோற்றுக்கு ஒரு சோறு பதம் என்பது இங்கே செல்லாது. இவை திட்டுத்திட்டாகக் கூடி வாழ்பவை. ஒவ்வொரு நிலையத்திலும் குறைந்தது 3 தனி மாதிரிகள்.

மழையை மறப்பது

வடகிழக்குப் பருவமழையில் ஆற்று வெள்ளம் இறங்கினால் உப்புத்தன்மை சரியும், கலங்கலில் வெளிச்சம் மறையும், டயாட்டம் படலம் மெலியும், சில இடங்களில் மேல்மண்ணே அடித்துப்போகும். இத்தனையும் ஒன்றாக நடக்கும்போது நவம்பரின் வீழ்ச்சியை உணவின்மேல் மட்டும் போட முடியாது. உப்புத்தன்மையும் மண் துகளின் அளவும் மாதிரி எடுத்த அன்றே பதிவாகவில்லை என்றால், நவம்பரையும் மார்ச்சையும் ஒப்பிடும் அட்டவணையை நான் திருப்பி அனுப்பிவிடுவேன்.