காரணம் பிடிபடவில்லை என்றாலும் பயிற்சியைத் தள்ளிப்போடாதீர்கள்

கைக்குழந்தைக்குத் தைராய்டு, சி.கே. (தசை பாதிப்பைக் காட்டும் ரத்தப் பரிசோதனை), ஸ்கேன் எல்லாம் பார்த்தாயிற்று, ஒன்றும் பிடிபடவில்லை, தசை மட்டும் தளர்வாக இருக்கிறது என்று டாக்டர் சொன்னதும் வீட்டில் பெரியவர்கள் "தானா சரியாயிடும், விடு" என்பார்கள். விடாதீர்கள். பிசியோதெரபி தொடங்க நோயின் பெயர் தேவையில்லை. அரசு ஆஸ்பத்திரியில் குழந்தைகள் பிரிவுக்குப் போய் மாவட்ட ஆரம்பநிலை இடையீட்டு மையம் எங்கே என்று கேளுங்கள், ஆர்.பி.எஸ்.கே. என்ற அரசின் குழந்தைகள் நலத் திட்டத்தில் இது இலவசம்.

வீட்டில் முக்கியம் குழந்தையைக் குப்புறப் படுக்க வைப்பதுதான். பால் குடித்து நன்றாகச் செரித்தபின், விழித்திருக்கும்போது, தரையில் கெட்டியான ஜமுக்காளம் விரித்து, ஒரு துண்டை இறுக்கிச் சுருட்டி நெஞ்சுக்குக் கீழே, இரண்டு முழங்கையும் துண்டுக்கு முன்னால் ஊன்றும்படி வையுங்கள். நீங்களும் எதிரே தரையில் படுத்து முகம் பார்த்துப் பேசுங்கள், உங்கள் முகத்தைப் பார்க்கத்தான் அது தலையைத் தூக்கும். முதலில் ஒன்றிரண்டு நிமிடம் போதும், மூக்கு தரையில் இடிக்க ஆரம்பித்தால் திருப்பிவிடுங்கள், ஆனால் ஒரு நாளில் பலமுறை செய்யுங்கள். தூங்க வைப்பது மட்டும் எப்போதும் மல்லாக்கத்தான். ஏற்காட்டுப் பக்கம் குளிருக்குத் தடிமனான ஸ்வெட்டர் போட்டிருப்பீர்கள், அதோடு கை மடங்காது, வெயில் ஏறியபின் கழற்றிவிட்டுச் செய்யுங்கள்.

கையைப் பிடித்துத் தூக்கவே கூடாது. அக்குளில் பிடித்தாலும் நழுவும். ஒரு கை பிட்டத்துக்கு அடியில், இன்னொரு கை பிடரியில். எண்ணெய் தேய்த்துக் குளிப்பாட்டும் பாட்டிகளிடம் அன்பாகவே, ஆனால் உறுதியாகச் சொல்லுங்கள்: தடவலாம், கைகாலை இழுத்து முறுக்க வேண்டாம், தலைகீழாகப் பிடிக்கவே வேண்டாம். இந்தக் குழந்தைகளுக்கு மூட்டும் தளர்வு, இடுப்பு மூட்டு விலகிவிடலாம். விழித்தால் சேலைத் தொட்டிலில் விடாமல் தரைக்கு. வாக்கர் வேண்டாம்.

மலையிலிருந்து சேலத்துக்கு பஸ்ஸில் இறங்கும்போது 20 கொண்டை ஊசி வளைவிலும் தலை இரண்டு பக்கமும் ஆடும். குழந்தையை உங்கள் நெஞ்சோடு அணைத்து, உள்ளங்கையால் பிடரியைத் தாங்கிக்கொள்ளுங்கள்.

பால் குடிக்கவே களைத்துப்போவது, அழுகைச் சத்தம் மெலிவது, மூச்சு இழுக்கும்போது நெஞ்சு உள்ளே போவது, நாக்கு நுனி துடிப்பது, முன்பு செய்துகொண்டிருந்ததை இப்போது செய்யாமல் போவது, இதில் ஒன்று தெரிந்தாலும் அடுத்த ஓ.பி. தேதிவரை காத்திருக்காதீர்கள். மூச்சுத் திணறினால் 108. எஸ்.எம்.ஏ. எனப்படும் தண்டுவடத் தசைச் சிதைவு நோய் (மரபணுக் கோளாறால் தசை மெலிவது) இல்லை என்று மரபணுப் பரிசோதனையில் உறுதி செய்தாயிற்றா என்றும் கேளுங்கள், அதற்கு இப்போது மருந்து உண்டு, சீக்கிரம் கொடுத்தால்தான் பலன் அதிகம்.

அப்புறம், மாதம் ஒருமுறை குப்புறப் படுத்திருப்பதையும் உட்கார வைப்பதையும் போனில் வீடியோ எடுத்துக் காட்டுங்கள். ஓ.பி.யில் குழந்தை தூங்கிவிட்டாலும் டாக்டருக்கு நிலைமை புரியும்.