பெரிய நாய் வளர்க்க ஆசையா? நாங்கள் செய்த தவறுகளைச் செய்யாதீர்கள்

பாலக்கோடு பக்கம் எங்கள் தோட்டத்து வீட்டில் ஒரு கிரேட் டேன் இருந்தான். பெயர் மணி. பேர்தான் சின்னது, ஆள் 62 கிலோ. பால் ஊற்றப் போகிறவர்கள் எல்லாம் வண்டியை நிறுத்திவிட்டு, "இது நாயா, கன்னுக்குட்டியா?" என்று கேட்டுவிட்டுத்தான் போவார்கள். எட்டரை வயதில் இதயம் வீங்கி இறந்துபோனான். சாதாரண வீட்டு நாய்க்கு அது நடு வயதுதான். ஆனால் இந்த இனத்தின் ஆயுளே 7 முதல் 10 வருடம்தான். வாங்கும்போது அது எங்கள் யாருக்கும் தெரியாது. குழந்தைகள் இருக்கும் வீட்டில் இதை முதலிலேயே தெரிந்துகொள்வது நல்லது.

இந்தப் பக்கத்து ஆட்களுக்குக் குட்டி வாங்குவது என்றால் பெங்களூருதான். ஓசூரிலிருந்து 40 கிலோமீட்டர், காலையில் போய் மதியம் குட்டியோடு திரும்பிவிடலாம். அந்த வேகம்தான் பிரச்சினை. நாங்கள் போனபோது குட்டிக்கு 35 நாள்தான் ஆகியிருந்தது. 2017ல் வந்த மத்திய விதிகளின்படி 8 வாரம் ஆகாத குட்டியை விற்கவே கூடாது. விற்பவர் மாநில விலங்குகள் நல வாரியத்தில் பதிவு செய்திருக்கவும் வேண்டும். தாய் நாயைக் காட்டச் சொன்னோம், "வெளியூரில் இருக்கு" என்றார்கள். அப்போதே எழுந்து வந்திருக்க வேண்டும். தாய் எப்படி நடக்கிறது, புது ஆளைக் கண்டு பயப்படுகிறதா, பாய்கிறதா என்று பார்க்காமல் குட்டியின் பாதம் எவ்வளவு பெரியது என்று மட்டும் பார்த்து வாங்குவது, மாட்டின் பல்லைப் பார்க்காமல் கொம்பைப் பார்த்து விலை பேசுவது மாதிரி. இடுப்பு மூட்டு சரியாக அமையாத கோளாறு பெரிய இனங்களில் பரம்பரையாக வரும். நல்ல வளர்ப்பாளராக இருந்தால் தாய் தகப்பனின் இடுப்பு எக்ஸ்ரேயைக் கேட்டால் காட்டுவார்.

இனத்தைத் தேர்ந்தெடுப்பதில் இன்னொரு கூத்து நடக்கிறது. ஓசூர் சுமார் 900 மீட்டர் உயரத்தில் இருக்கிறது, குளிர்ச்சியான ஊர், அதனால் செயின்ட் பெர்னார்ட் வளர்க்கலாம் என்கிறார்கள். அது ஆல்ப்ஸ் மலைப் பனியில் வேலை செய்த நாய். தளிக்கும் தேன்கனிக்கோட்டைக்கும் குளிர் உண்டுதான், ஆனால் அது நமக்குக் குளிர், அந்த நாய்க்கு இல்லை. தருமபுரி, அரூர் பக்கத்துச் சித்திரை வெயிலைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். உடம்பு முழுக்கப் போர்வை போர்த்தியது போன்ற அடர்ந்த முடியுள்ள எந்தப் பெரிய இனத்தையும் இங்கே கொண்டுவருவது கொடுமை என்பதே என் எண்ணம். கிரேட் டேனுக்குக் குட்டை முடி, கொஞ்சம் பரவாயில்லை. அதுவும் வீட்டுக்குள் இருக்க வேண்டிய நாய். தகரக் கொட்டகையில் கட்டிப்போட்டு வளர்ப்பதாக இருந்தால் நம் நாட்டு இனங்களான ராஜபாளையமோ கோம்பையோ கூட வேண்டாம்.

காவலுக்கு என்று வாங்குகிறவர்களும் இருக்கிறார்கள். தேன்கனிக்கோட்டைக் காட்டோரத் தோட்டங்களில் சிறுத்தை வரும் என்று பெரிய நாயாகப் பார்த்துக் கேட்கிறார்கள். இரவில் வெளியே சங்கிலியில் நிற்கும் நாய், எவ்வளவு பெரியதானாலும், சிறுத்தைக்குக் காவல் அல்ல, இரை.

சரி, சாப்பாட்டு விஷயத்துக்கு வருகிறேன். நாங்கள் பெரிதாகச் சறுக்கியது இங்கேதான்.

குட்டி சீக்கிரம் வளர வேண்டும் என்பதுதான் எல்லோருக்கும் ஆசை. விற்றவர் கால்சியம் டானிக் கொடுக்கச் சொன்னார். அம்மா தன் பங்குக்குக் காலையில் பால், மதியம் ராகிக் களி, இரவும் களி. 100 கிராம் கேழ்வரகில் 340 மில்லிகிராமுக்கு மேல் கால்சியம் உண்டு, அதன் மேல் டானிக். ஐந்தாவது மாதத்தில் மணியின் முன்னங்கால்கள் வளைந்து, நொண்ட ஆரம்பித்தான். "எலும்புக்குச் சத்து பத்தலை" என்று அப்பா டானிக்கை இரண்டு மூடியாக்கினார். உண்மை நேர் எதிர். ஆறு மாதத்துக்கு உட்பட்ட குட்டியின் குடலுக்கு வேண்டாத கால்சியத்தைத் தடுத்து நிறுத்தத் தெரியாது, தேவைக்கு மேலேயும் உறிஞ்சிக்கொள்ளும். எலும்பும் மூட்டும் கோணலாக வளர்ந்துவிடும். மருத்துவர் டானிக்கை நிறுத்தச் சொன்ன பிறகு கால் ஓரளவு நேரானது, முழுசாக அல்ல.

ராகியைக் குற்றம் சொல்லவில்லை. ஆனால் களியை மட்டும் தின்று வளரும் உடம்பு இல்லை அது, புரதம் போதாது. வெறும் கறி மட்டும் போட்டாலும் கால்சியம் குறைந்து வேறு கோளாறு வரும். பெரிய இனக் குட்டிகளுக்கென்றே விற்கும் தீவனம் வாங்குவதுதான் பாதுகாப்பு. பையின் பின்பக்கம் கால்சியம் 1.5 சதவீதத்தைத் தாண்டாமல் இருக்கிறதா என்று பாருங்கள். அதைப் போட்டால் டானிக் வேண்டாம். குட்டி கொழுகொழுவென்று இருக்கக் கூடாது. விலாவைத் தடவினால் எலும்பு கையில் தட்டுப்பட வேண்டும், பார்த்தால் துருத்தித் தெரியக் கூடாது. எலும்பு முழுதாக முற்ற 18 முதல் 24 மாதம் ஆகும். அதுவரை பைக் பின்னால் ஓடவிடுவது, மாடிப்படி ஏற்றி இறக்குவது எல்லாம் வேண்டாம். வழவழ டைல்ஸ் தரையில் கால் வழுக்கிக்கொண்டே வளர்ந்தால் மூட்டு கெடும். நடக்கும் வழியிலாவது பாயோ பழைய கம்பளமோ விரியுங்கள்.

இரண்டாவது தவறு எங்கள் உயிரையே உறைய வைத்தது. மணிக்கு மூன்று வயது. இரவு ஒன்பது மணிக்கு வயிறு நிறையச் சாப்பிட்டுவிட்டு, தோட்டத்தில் பன்றி சத்தம் கேட்டு நாலு சுற்று ஓடிவந்தான். பத்து மணிக்கு நிலையில்லாமல் எழுவதும் படுப்பதுமாக இருந்தான். வாந்தி எடுப்பது போல் ஓங்கரிக்கிறான், எச்சில் தவிர ஒன்றும் வரவில்லை. வயிறு மத்தளம் மாதிரி உப்பியிருந்தது. வாயுதான் என்று ஓம வாட்டர் ஊற்றினோம். அதில் முக்கால் மணி நேரம் போனது.

அது வெறும் வாயு இல்லை. நெஞ்சுக்கூடு ஆழமான பெரிய நாய்களின் இரைப்பை காற்றால் உப்பி, அப்படியே முறுக்கிக்கொள்ளும். ரத்த ஓட்டம் நின்று சில மணி நேரத்தில் உயிர் போய்விடும். கை வைத்தியம் எதுவும் எடுபடாது, அறுவை சிகிச்சை ஒன்றே வழி. மேலே சொன்ன அறிகுறிகளில் வெறும் ஓங்கரிப்பும் வயிற்று உப்பலும் சேர்ந்து வந்தாலே வண்டியைக் கிளப்பிவிடுங்கள்.

எங்களிடம் கிளப்ப வண்டி இல்லை, ஸ்கூட்டர்தான் இருந்தது. 62 கிலோ நாயை அதில் எப்படி ஏற்றுவது? பக்கத்துத் தோட்டக்காரர் தக்காளி ஏற்றும் குட்டி யானை வண்டியை எடுத்து வந்தார். சேலத்தில் இரவு அறுவை செய்யும் இடம் கிடைத்தது, பிழைத்தான். இரைப்பை மறுபடி முறுக்காமல் இருக்க வயிற்றுச் சுவரோடு சேர்த்துத் தைத்தார்கள். அதைக் கருத்தடை அறுவையின்போதே முன்கூட்டிச் செய்துகொள்ளலாம் என்று அப்போதுதான் தெரிந்தது.

அதற்குப் பிறகு ஒரே வேளையாகக் கொட்டுவதை விட்டு மூன்று வேளையாகப் பிரித்தோம். சாப்பிட்ட பின் ஒரு மணி நேரத்துக்காவது ஓட்டம் கிடையாது. குனியாமல் சாப்பிடட்டும் என்று தட்டை உயரத்தில் வைத்திருந்ததையும் எடுத்துவிட்டோம்; அது இந்த ஆபத்தைக் கூட்டலாம் என்கிறார்கள்.

கிருஷ்ணகிரிக்காரர்களுக்குத் தனியாக ஒன்று: மாங்கொட்டை. சீசனில் தின்றுவிட்டு வாசலில் எறிவோம். சின்ன நாய் அதைக் கவ்வி விளையாடும், இவ்வளவு பெரிய வாய்க்கு அப்படியே முழுங்கிவிட முடியும். குடலில் போய் அடைத்துக்கொண்டால் மறுபடியும் கத்திதான். பிரியாணி எலும்பும் அப்படியே, வெந்த எலும்பு சிம்பாக உடைந்து குத்தும்.

வெயில் நாளில் நடையைக் காலை ஆறரைக்குள் முடித்துவிடுங்கள். நாக்கு நீண்டு, மூச்சிரைத்து, தள்ளாடினால் உடனே உடம்பு முழுக்கக் குழாய்த் தண்ணீர் ஊற்றி, மின்விசிறிக்கடியில் போட்டு, பிறகு மருத்துவமனைக்குக் கிளம்புங்கள்.

செலவு? பூச்சி மருந்திலிருந்து மயக்க ஊசிவரை எல்லாம் எடைக்கணக்கு. அவ்வளவுதான் சொல்வேன்.

பழக்கத்தைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். குட்டியாக இருக்கும்போது மேலே தாவினால் எல்லோரும் சிரிப்போம். அதே தாவலை ஒன்றரை வயதில் மணி பாட்டியின் மேல் காட்டினான். பாட்டி திண்ணையில் சாய்ந்ததால் தப்பித்தாள். 10 கிலோவில் கற்றுக்கொடுக்காததை 60 கிலோவில் கற்றுக்கொடுக்க முடியாது. வீட்டில் மிகவும் மெலிந்தவர் கயிற்றைப் பிடித்தாலும் இழுக்காமல் நடக்க வேண்டும், அதுதான் கணக்கு.

இப்போது தம்பி இன்னொரு டேன் குட்டி பார்த்து வைத்திருக்கிறான். கூண்டுக்கும் பெல்ட்டுக்கும் முன்னால், குட்டி யானைக்காரர் நம்பரை எழுதிச் சமையலறைச் சுவரில் ஒட்டச் சொல்லியிருக்கிறேன்.