லெந்து நாட்களில் பாவத்துக்காகத் துக்கங்கொண்டாடும் முறை

“துயரப்படுகிறவர்கள் பாக்கியவான்கள்” என்னும் மத்தேயு 5:4-இல் கிரேக்க மூலம் ஆளும் சொல், இழவு வீட்டு அழுகைக்கும் உரியது. யோசேப்பு இறந்துவிட்டான் என்று நம்பி யாக்கோபு அழுததைச் சொல்லவும் பழைய ஏற்பாட்டின் பழைய கிரேக்க மொழிபெயர்ப்பு அதே வினையைத்தான் பயன்படுத்துகிறது. ஆகவே, ஈஸ்டருக்கு முந்தைய நோன்பாகிய லெந்தின் நாற்பது நாளும் ஆட்டிறைச்சியை விலக்கிவிட்டு மீன்குழம்பை இருமடங்காக ஊற்றிக்கொள்வதை (நம் வீடுகளில் நடப்பதுதான்) துக்கம் என்று சொல்லிவிட முடியாது.

முதலில் தனிப்பட்ட பாவத்திலிருந்து தொடங்குங்கள். விடியற்காலையில் அரைமணி நேரம் ஒதுக்கி, 51-ஆம் சங்கீதத்தை வாய்விட்டு வாசித்தபின், ஒரே ஒரு பாவத்தை மட்டும் நோட்டில் எழுதுங்கள்: என்ன செய்தேன், யாருக்குச் செய்தேன், அவர் எதை இழந்தார். “பாவியாகிய என்னை மன்னியும்” என்று பொதுவாகச் சொல்வதில் யாருக்கும் வெட்கம் வருவதில்லை. ஆனால், வீட்டு வேலைக்கு வரும் அம்மாவுக்கென்று கொல்லைப்புற ஜன்னல் திட்டில் இத்தனை வருடமாகத் தனி டம்ளர் வைத்திருந்தேன் என்று எழுதும்போது பேனா தயங்கும். அந்தத் தயக்கத்தில்தான் சற்று நேரம் இருக்கவேண்டும். காரணம் சொல்லி எழுந்துவிடக் கூடாது.

துக்கத்திலும் இரண்டு வகை உண்டென்று பவுல் 2 கொரிந்தியர் 7:10-இல் பிரித்துக் காட்டுகிறார். இயேசுவைக் காட்டிக்கொடுத்த யூதாசும் மனஸ்தாபப்பட்டான், அவரை அறியேன் என்று மறுதலித்த பேதுருவும் அழுதான். ஒருவன் தன்னை அழித்துக்கொண்டான், மற்றவன் திரும்பி வந்தான். சில நாள் அழுதும், உங்கள் எண்ணமெல்லாம் உங்கள் கெட்டுப்போன பெயரையே சுற்றிவந்து, நீங்கள் காயப்படுத்தியவரின் முகம் ஒருமுறைகூட நினைவுக்கு வரவில்லையென்றால், வழி தவறிவிட்டதென்று அறியுங்கள். உணவும் உறக்கமும் கெட்டு மனம் இருண்டுபோகிறவர்கள் தனியே போராடாமல், ஆயரிடமும் மருத்துவரிடமும் பேசவேண்டும்.

சமுதாயப் பாவத்துக்காகத் துக்கிப்பது இதைவிடக் கடினம், ஏனெனில் அங்கே “அவர்கள்” என்ற சொல் உடனே நாக்கில் வந்து நிற்கும். தானியேல் 9-ஆம் அதிகாரத்தை எடுத்துக்கொள்ளுங்கள்: குற்றம் சாட்டத் தேடியும் குற்றம் அகப்படாத அந்த மனிதர், முன்னோர் செய்ததையும் சேர்த்து “நாங்கள் பாவஞ்செய்தோம்” என்றே ஜெபிக்கிறார். அந்த ஜெபத்தை வாசித்துவிட்டு, நம் சபையின் வரலாற்றை அதன் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். கல்கத்தாவின் ஆங்கிலிக்கன் பேராயர் டேனியல் வில்சன் 1833-இல், சபைக்குள் சாதி வேற்றுமையை அறவே விட்டுவிடவேண்டும் என்று எழுதியபோது, வேப்பேரியிலும் தஞ்சாவூரிலும் பலர் சாதியை விடாமல் சபையை விட்டு விலகினார்கள். வடக்கன்குளத்துக் கத்தோலிக்க ஆலயம் 1872-இல் இரட்டைக் கூடமாகக் கட்டப்பட்டதற்கும், திருச்சி மேலப்புதூர்க் கல்லறைத் தோட்டத்தின் நடுவே சுவர் எழும்பியதற்கும் சாதியே காரணம். இவற்றை வாசிக்கும்போது “அது கத்தோலிக்கரின் கதை”, “அது தாத்தா காலத்துக் கதை” என்று தள்ளிவிடாமல், திருச்சபைப் பிரிவையும் சாதியையும் ஒரே வரியில் சேர்த்து எழுதும் நம் வீட்டு மணமகள் தேவை விளம்பரத்தையும் பக்கத்தில் வைத்து, “நாங்கள்” என்று சொல்லிப் பழகவேண்டும்.

சபையாகக் கூடித் துக்கிக்கும் நாளில் பிரசங்கத்தைக் குறைத்து, மௌனத்துக்கு இடம் கொடுங்கள். ஒதுக்கப்பட்டவர்களை மேடையேற்றி அவர்கள் வேதனையைச் சாட்சியாகச் சொல்லவைப்பது, என் பார்வையில், இன்னொரு கொடுமை. பேசுவதா, வேண்டாமா என்பதை அவர்களே தீர்மானிக்கட்டும். அறிக்கையிடவேண்டியவர்கள் மற்றவர்கள்தான்.

அழுகைக்குப் பிறகு என்ன செய்வதென்பதற்கு நெகேமியாவைப் பார்க்கலாம். எருசலேமின் மதில் இடிந்துகிடக்கும் நிலையைக் கேட்டு அழுது, கிஸ்லேவு மாதம் முதல் நிசான் மாதம் வரை, ஏறத்தாழ நான்கு மாதம், அந்தப் பாரத்தைச் சுமந்தவர், பின்பு 5-ஆம் அதிகாரத்தில், செல்வர்கள் ஏழைகளிடம் அடமானமாய் வாங்கிய நிலங்களையும் வீடுகளையும் வட்டியையும் அன்றைக்கே திருப்பிக் கொடுக்கச் சொல்கிறார். ஆசாரியர்களை அழைத்து, அப்படியே செய்வோம் என்று சத்தியமும் வாங்குகிறார். எனவே உங்கள் நோட்டிலும், எழுதிய பாவத்துக்குக் கீழே, திருப்பிக் கொடுக்கவேண்டியது என்ன என்பதையும் தேதியையும் எழுதுங்கள். கல்லறைத் தோட்டத்தில் யாருக்கு எங்கே இடம் என்ற கேள்வி உங்கள் சபையில் இன்னும் இருந்தால், அடுத்த கமிட்டிக் கூட்டத்தின் நிகழ்ச்சிநிரலில் அதை முதல் பொருளாகச் சேர்க்கும்படி செயலருக்குக் கடிதம் கொடுத்து, முடிவு நடவடிக்கைக் குறிப்பேட்டில் ஏறும்வரை இருந்து பாருங்கள்.